கருவுற்ற தாய்க்கு எந்தக் காய்கறி?



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் சந்தைகளுக்குக் களியக்காவிளை வழியே தமிழகக் காய்கறிகள் வருகின்றன. “பூச்சிமருந்து தெளித்த இவற்றைக் கருவுற்ற பெண் உண்ணலாமா?” என்ற ஐயம் நியாயமானதே. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வான்வழியே தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபானின் கொடுமையைக் கண்ட மாநிலம் இது. அந்த நஞ்சை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது.

இயற்கை உரத்தில் விளைந்தவற்றில் நச்சு எச்சம் பொதுவாகக் குறைவு, கிடைத்தால் நன்று. ஆனால் அதன் விலைக்கு அஞ்சிக் காய்கறியையே கைவிடுவது பெருந்தீங்கு. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகத் தொடங்கும் முதல் மாதத்திலேயே ஃபோலிக் அமிலம் தேவை. கீரை அதனைத் தருகிறது. நான்காம் மாதம் முதல் 180 நாள்களுக்கு அரசு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரை உணவுக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

செய்யவேண்டியவை எளியவை. காய்கறிகளைப் புளிக்கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் பலமுறை அலசவேண்டும். தோல் சீவிச் சமைக்கவேண்டும். இயற்கை விளைபொருளிலும் மண்வழிக் கிருமிகள் இருக்கக்கூடும். அதனையும் கழுவியே உண்ணவேண்டும்.

முற்றத்து முருங்கைக்கும் கீரைப்பாத்திக்கும் மருந்து தெளிக்கத் தேவையில்லை. செலவும் மிகக் குறைவு. கிராமங்களுக்குச் செல்லும் அலுவலர்களும் மாணவர்களும் தாய்மார்களிடம் அச்சத்தை வளர்க்காமல், இவ்வழியை எடுத்துரைப்பார்களாக.