காருக்குச் சுற்றுவழி, சைக்கிளுக்கு நேர்வழி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். நேரத்தை மீற மாட்டேன். கணக்கையும் மறைக்க மாட்டேன்.

முதலில் என் பெயரில் ஒரு பற்று எழுதிக்கொள்கிறேன். போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், காலை ஏழே முக்கால் மணி. நம் முன் கேட்டில் ஒரு சிறுமி சைக்கிளோடு கீழே விழுந்தாள். உங்களில் சிலர் பார்த்தீர்கள். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. கேட்டைத் தாண்டி வெளியே வந்த ஒரு காரைப் பார்த்துப் பயந்து, சட்டென்று பிரேக் பிடித்துத்தான் விழுந்தாள். அந்தக் கார் என்னுடையது. ஓட்டியது நான். போனது எதற்கு? மெயின் பஜாரில் அரைக் கிலோ இட்லி ரவை வாங்க.

மறுநாளிலிருந்து அந்தக் குழந்தையை அவள் அப்பா காரில் கொண்டுபோய் விடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு காருக்குப் பயந்து ஒரு சைக்கிள் உள்ளே போனது. அதே கேட்டில் இன்னொரு கார் கூடியது. அந்தக் காரைப் பார்த்து இன்னொரு தாய் பயப்படுவார். அவர் வீட்டிலும் கார் எடுப்பார்கள். இது கூட்டு வட்டி மாதிரி ஏறுகிற கணக்கு.

நம் ஊர் இப்படியா இருந்தது? 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, மறு வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த பிறகு, வரைபடம் போட்டுக் கட்டிய ஊர் இது. வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமான தெரு போட்டு, இரண்டு பக்கமும் மரம் வைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஷிப்ட் முடிந்தால் சாலை முழுக்கச் சைக்கிள்தான். ஹாண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு, ராத்திரி ஷிப்டுக்கு டைனமோ லைட். சம்பள நாளில் எங்கள் கிளை வாசலில் ஒரு சைக்கிளைத் தள்ளினால் வரிசையே சாயும். குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், இன்று உங்களில் பலர். அந்த அகலமான, நேரான சாலைகள் அப்படியே இருக்கின்றன. அன்றைக்கு அவை சைக்கிளுக்கு வசதி. இன்றைக்குக் காருக்கு வேகம். சாலை மாறவில்லை, அதில் யாருக்கு முதல் உரிமை என்பது மாறிவிட்டது.

“சைக்கிள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சரி, அவர்கள் பழகியவர்கள்” என்று ஒருவர் சொன்னார். நெதர்லாந்தின் கதையைக் கேளுங்கள். அங்கேயும் முதலில் எல்லோரும் சைக்கிள்தான். கையில் காசு வந்ததும் கார் வந்தது. 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,000 பேருக்கு மேல். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயர். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடும் வந்தது. அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்கு மறுபடி வழி விட்டார்கள்.

அங்கே குரோனிங்கன் என்று ஓர் ஊர். 1977 செப்டம்பரில் அந்த ஊர் நகரசபை ஒரு காரியம் செய்தது. நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கார் நேராகப் போக முடியாது. வெளியே சுற்றுச்சாலைக்கு வந்து, சுற்றிக்கொண்டுதான் நுழைய வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் குறுக்கே நேராகப் போகலாம். காரைத் தடை செய்யவில்லை, அபராதமும் போடவில்லை. காருக்குச் சுற்றுவழி, சைக்கிளுக்கு நேர்வழி, அவ்வளவுதான். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் பின்னால் வந்தவர்கள் அதை மாற்றவில்லை. இன்றைக்கு உலகத்தில் அதிகமாகச் சைக்கிள் ஓடும் ஊர்களில் அது ஒன்று. அண்மையில் பாரிஸ் நகரமும் தனிப்பாதைகள் போட்டது. 2024-இல் வெளியான ஆய்வின்படி, அந்த நகருக்குள் நடக்கும் பயணங்களில் 100-க்கு 11 சைக்கிளில். காரில் 4 மட்டுமே.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசினவர்கள் உண்டு. அதையும் மீறி ஓட்டினார்கள். பாண்டிச்சேரிக்குப் போகும்போது பாருங்கள். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். பேரப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம்.

இந்த எல்லா இடத்திலும் நான் கவனித்தது ஒன்றுதான். “சைக்கிள் ஓட்டுங்கள், உடம்புக்கு நல்லது” என்று உபதேசம் செய்ததால் யாரும் மாறவில்லை. அதற்கு வசதி செய்து கொடுத்ததும் மாறினார்கள்.

இப்போது நம் வீட்டுக் கணக்கு. பஜாருக்குப் போய் வர நான்கு கிலோமீட்டர் என்று வையுங்கள். ஊருக்குள் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், ஒரு நடைக்கு 33 ரூபாய். மாதம் 25 நடை போனால் 830 ரூபாய் சொச்சம். வருஷத்துக்குப் பத்தாயிரம். என் அரைக் கிலோ ரவையின் உண்மையான விலை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். “அக்னி நட்சத்திர வெயிலில் சைக்கிளா?” வேண்டாம். காலை எட்டுக்குள், மாலை ஐந்துக்கு மேல் போதும். நானும் அப்படித்தான் போகிறேன். “மூட்டு வலி?” எனக்கும் உண்டு. சீட்டைச் சரியான உயரத்தில் வைத்தால் எனக்கு மாடிப்படி ஏறுவதைவிடச் சைக்கிள் சுலபமாக இருக்கிறது. முடியாதவர்கள் காரிலேயே போங்கள். யாரும் கேள்வி கேட்கக்கூடாது. நானும் காரை விற்கவில்லை. கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் அதில்தான் போகிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு விடும்படி நான் கேட்பது இரண்டே தீர்மானம்.

ஒன்று: நமக்கு இரண்டு கேட் இருக்கிறது. பள்ளி நாட்களில் காலை ஏழரை முதல் எட்டே கால் வரை முன் கேட் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். கார், பைக் எல்லாம் பின் கேட் வழியாகச் சுற்றிப் போகட்டும். இரண்டு நிமிடம் கூடுதலாகும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் விலக்கு உண்டு.

இரண்டு: முன் கேட்டுக்குப் பக்கத்தில் விருந்தினர் காருக்கு ஒதுக்கிய இரண்டு இடங்களில் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு, கூடவே ஒரு காற்றடிக்கும் பம்பு. இப்போது நம் சைக்கிள்கள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கின்றன. ஒன்றை எடுக்க நான்கை நகர்த்த வேண்டும். கார் சாவியோ வாசல் ஆணியிலேயே தொங்குகிறது. காலை அவசரத்தில் கை எதை எடுக்கும்?

மூன்று மாதம் சோதனையாக வைத்துப் பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்யுங்கள். ரத்து செய்ய வேண்டும் என்று வந்தால், அந்தத் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். ஸ்டாண்டுக்கு ஆகும் செலவில் சங்கத்துக்குத் துண்டு விழும் தொகையை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன் என்று பொருளாளரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

அந்தச் சிறுமியின் சைக்கிள் இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. பின் டயரில் காற்றில்லை. போன வாரம் அவள் அப்பாவிடம் போய், “காற்றடித்து வைக்கட்டுமா சார்?” என்று கேட்டேன். “கேட் விஷயம் முடிவாகட்டும் சார், பார்க்கலாம்” என்றார். அவர் சொன்னது நியாயம். என் பற்று இன்னும் நேராகவில்லை. நேர் செய்ய உங்கள் ஓட்டு வேண்டும்.