காட்டு மருந்தில் யாருக்குப் பங்கு?



காட்டில் மருந்து தேடுவதையே தடை செய்ய வேண்டும் என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார். நான் அந்தக் கட்சி அல்ல. நோயாளி காத்திருக்கிறான், தேடத்தான் வேண்டும். யாரிடம் கேட்டுத் தேடினார்கள், கிடைத்ததில் யாருக்குப் பங்கு என்பதுதான் என் கேள்வி. இதற்கு நம் சரவாக்கிலேயே ஒரு கதை இருக்கிறது.

1987-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்திற்காகத் தாவரங்களைச் சேகரித்தவர்கள், லுண்டு வட்டாரக் காட்டில் ஒரு பிந்தாங்கோர் மரத்திலிருந்து மாதிரி எடுத்துச் சென்றார்கள். பிந்தாங்கோர் என்றதும் அந்நிய மரம் என்று நினைக்க வேண்டாம். நெய்தல் நிலப் பாடல்களில் நாம் படித்த புன்னைக்கு அது சொந்தக்கார மரம். சில ஆண்டுகள் கழித்து அந்த மாதிரியில் 'கலனோலைட் ஏ' என்ற பொருளைக் கண்டார்கள். ஆய்வுக்கூடச் சோதனையில் அது எச்.ஐ.வி. கிருமி பெருகுவதைத் தடுத்தது. மேலும் மாதிரி எடுக்கத் திரும்பி வந்தார்கள். மரம் இல்லை! யாரோ வெட்டிவிட்டார்கள். சுற்றிலும் நின்ற அதே இன மரங்களைச் சோதித்தபோது அந்தப் பொருள் இல்லை, அல்லது மிகச் சொற்பமாக இருந்தது. கடைசியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் அதே வகை மரம் நிற்பது தெரிய வந்தது.

பிறகு வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டார்கள். சிக்கல் இங்கேதான். "இனி மரமே தேவையில்லை, எந்த நீண்ட வீட்டுப் பெரியவரும் எங்களுக்கு ரகசியம் சொல்லவில்லை, பிறகு என்ன பங்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் எழுதியதை நகலெடுத்துவிட்டு, தாளும் மையும் என்னுடையவை என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? ஆய்வுக்கூடம் பார்த்து எழுதியது அந்த மரத்தைத்தான்.

சரவாக் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1996-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சரிபாதிப் பங்கில் கூட்டு நிறுவனம் அமைத்தது. 1997-ல் உயிர்ப் பன்மய மையத்துக்கான சட்டத்தையும் இயற்றியது. பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர்கள் அரசாங்கமும் கம்பெனியும்தான். காட்டை ஒட்டி வாழும் மக்கள் அல்ல. இன்னொன்று, அந்த மருந்து மனிதர்களிடம் ஆரம்பக் கட்டச் சோதனைவரை போனதே தவிர, மருந்துக்கடைக்கு வரவில்லை. இலாபம் வந்தால் பங்கு என்று மட்டும் எழுதி வைத்தால், வராத இலாபத்தில் பாதி எவ்வளவு? அதனால்தான் கூலி, பயிற்சி, உள்ளூரிலேயே ஆய்வுக்கூடம், நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும் என்கிறேன்.

மக்களே ரகசியத்தைச் சொன்ன இடத்தில் என்ன நடந்தது? அதே 1987-ல் அகத்திய மலையில் கேரள ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், ஒரு செடியின் காயைத் தின்றபடி களைப்பில்லாமல் மலையேறினார்கள். என்ன காய் என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள்; பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதைக்கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து, 1995-ல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தார்கள். உரிமக் கட்டணத்திலும் உரிமத் தொகையிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று முடிவாயிற்று. உலகமே புகழ்ந்தது. ஆனால் காணி வைத்தியர்கள் சிலர், "இது எங்கள் எல்லாருக்கும் பொதுவான அறிவு. ஓரிருவர் சொன்னால் போதுமா? எங்களைக் கேட்டீர்களா?" என்று எதிர்த்தார்கள். நியாயமான கேள்வி.

மலேசியாவில் 2017-ல் இயற்றிய உயிரியல் வளச் சட்டம் 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. பூர்வகுடி மக்களின் நிலத்தில் உள்ள வளத்தையோ அவர்களது பாரம்பரிய அறிவையோ பயன்படுத்த வருபவர் முன்கூட்டியே அவர்களின் இணக்கத்தைப் பெற வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் இணக்கம் என்று யாருடைய கையெழுத்தை வாங்குவார்கள்? கிராமத் தலைவர் ஒருவர் போட்டால் போதும் என்றால் காணிகளின் கதைதான் இங்கும். ஒப்பந்தத்தை இபான், பிடாயு, செமாய் என்று அவரவர் மொழியில் எழுதுங்கள். ஊர் கூடியிருக்கும்போது உரக்கப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு அவகாசம் கொடுங்கள். இலையைப் பறிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.