பூநாரைப் படங்கள்



மன்னார் மாவட்டத்து வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சென்ற மாரியில் நாம் அங்கு எடுத்த பூநாரைப் படங்களைப் பலருக்கும் காட்டினோம். கூட்டமாய்ச் சிறகு விரித்தெழும் படத்தையே யாவரும் மெச்சினர். முதியவர் ஒருவர் மட்டும், "தம்பிமார், அதுகள் ஏன் எழும்பிப் பறந்ததுகள்?" என்று வினவினார். விடை சொல்ல எமக்கு நா எழவில்லை. கிட்ட நின்று எடுக்கும் ஆசையால் நாமே சேற்றில் இறங்கி நெருங்கியிருந்தோம். அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சிற்றுயிர்களை வடித்துண்ணும் பறவை அது. இரைதேடி வெகுதூரம் பறந்து வருவது. அதன் உணவைக் கெடுத்தல்லவா படம் பிடித்தோம்! அப்படத்தை இன்று கொண்டுவரவில்லை. இங்கே காட்டுவன கரையில் நின்று எடுத்தவை. பறவைகள் சிறு புள்ளிகளாகவே தெரியும். பின்வரிசையிலுள்ளோர் சற்று முன்னே வந்தமர்க.