பதம் பார்க்கும் இயந்திரக் கை



கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கண்ணிலிருந்து இன்னொருவர் பார்வைக்காகப் பொருத்துவது எதை? முன்னால் ஒளியை உள்ளே விடுகிற கார்னியாவை. பின்சுவரில் இருக்கும் விழித்திரையை எடுத்து மற்றொருவருக்கு வைத்துத் தைக்க வழியில்லை. கால் மில்லிமீட்டர் தடிமன்தான். பத்து லட்சத்துக்கும் குறையாத நரம்பிழைகளால் மூளையோடு பிணைந்திருக்கிறது. அறுத்தால் அறுத்ததுதான்.

அந்த விழித்திரையின் பின்புறத்தில் ஒரே அடுக்காகப் பழுப்பு நிறச் செல்கள் நெருக்கமாகப் பரவியிருக்கின்றன. நிறமிப் படலம் என்கிறார்கள். ஒளியை உணரும் செல்கள் தினமும் தம் நுனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கழித்துப் போடும். அதை விழுங்கித் துப்புரவு செய்வது இந்தப் படலம். அந்தச் செல்களுக்குச் சத்து கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இதுதான். வயதான காலத்தில் இது நொடித்துப் போனால் நடுப்பார்வை போய்விடும். எதிரே நிற்கும் பேரனின் சட்டை தெரியும்; முகம் தெரியாது.

இந்தப் படலத்தைப் புதிதாக வளர்த்து வைத்தால் என்ன? ஜப்பானின் கோபே நகரில் கேட்டார்கள். சின்யா யமனாகா 2006-ல் எலியின் செல்லையும், மறு ஆண்டு மனிதத் தோல் செல்லையும் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டியிருந்தார். அதற்காக 2012-ல் நோபல் பரிசு. அந்த வழியைப் பற்றிக்கொண்டு, ரிக்கென் ஆய்வு நிறுவனத்தின் கண் மருத்துவர் மசாயோ தகாஹாஷியின் குழு, 2014 செப்டம்பரில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் தோலிலிருந்தே படலம் வளர்த்து அவர் கண்ணுக்குள் வைத்தது. ஓராண்டு கழித்தும் படலம் இருந்த இடத்தில் இருந்தது. பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. அடுத்த நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும், அறுவையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வெற்றியைவிட அந்த நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, சிக்கல் எங்கே? வளர்ப்பதில்தான். வாரக்கணக்கில் தட்டில் வைத்து, ஊட்டநீர் மாற்றி, செல்களைப் பிரித்து, மறுபடி விதைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரே செய்முறைத் தாளைப் பார்த்துத்தான் இரண்டு ஆய்வாளர்கள் செய்கிறார்கள். ஒருவர் தட்டு முழுக்கப் பழுப்பேறும். மற்றவருடையது திட்டுத்திட்டாக நிற்கும். தைலம் காய்ச்சும் வைத்தியர் அடியில் படிந்ததை எடுத்து விரலிடையே உருட்டி, இது மெழுகுப் பதம், இது மணல் பதம் என்று சொல்வாரே, அந்த விரலறிவை எந்தத் தாளில் எழுதுவது?

எழுதிப் பார்க்கத் துணிந்தது ஒரு ரோபோ. மஹோரோ என்று பெயர். இரண்டு கைகள். திரவத்தை உறிஞ்சிப் பீச்ச மனிதர் எடுக்கும் அதே பிப்பெட்டை எடுக்கும், அதே தட்டைத் திறக்கும். கோபே ஆய்வாளர்கள் அதனிடம் ஏழு விஷயங்களை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். மருந்து எவ்வளவு, எத்தனை நாள்; செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் நொதியை எவ்வளவு நேரம் விடுவது; பிப்பெட்டால் எவ்வளவு அழுத்திப் பீச்சுவது, இப்படி. எல்லாம் சேர்ந்தால் இருபது கோடிச் சேர்மானங்கள்! ஒவ்வொரு சுற்றின் விளைவையும் பார்த்து, அடுத்த சுற்றுக்கு எவற்றைச் சோதிப்பது என்று கணினி தேர்ந்தது. 111 நாட்களில் 143 சேர்மானங்கள்தான் செய்தார்கள். நிறமேறும் மதிப்பெண், தொடங்கிய முறையைவிட 88 சதவீதம் கூடியது. 2022-ல் முடிவை வெளியிட்டார்கள்.

என்னைக் கவர்ந்தது அந்த 88 அல்ல. பீச்சும் அழுத்தம் ஒரு பட்டியலில் ஏறியதே, அதுதான். இத்தனை காலம் யார் அதை எழுதினார்கள்? பழகிய கைக்குத் தெரியும், கேட்டால் 'பார்த்துச் செய்யணும்' என்று பதில் வரும். அந்தக் கை ஓய்வு பெற்றால் அறிவும் வீட்டுக்குப் போய்விடும். எண்ணாக எழுதிவிட்டால் வேறு ஊருக்கு அனுப்பலாம்.

அதற்காக ரோபோவுக்கு மாலை போட்டு மேடையேற்ற வேண்டாம். பழுப்பேறினால் நல்லது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மனிதர்கள். கேமரா நிறத்தைத்தான் அளக்கும். அந்தச் செல்கள் நிறமிப் படலத்துக்குரிய புரதங்களை உண்டாக்குகின்றனவா என்று ஆய்வாளர்கள் தனியே சோதித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். நோயாளிக்குப் பார்வை வருமா என்பது இன்னும் தொலைவில் இருக்கிற கேள்வி.

இங்கே மூத்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 'ஸ்டெம் செல் ஊசி, ஒரே நாளில் பார்வை' என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தை எடுக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று பெண்களுக்கு அவரவர் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் செலுத்தினார்கள். மூவரின் பார்வையும் கடுமையாகப் பறிபோனது. 2017-ல் மருத்துவ இதழில் பதிவான செய்தி இது. மாறாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால். நேர்க்கோடு நெளிந்தாலோ நடுவில் கறை தெரிந்தாலோ தள்ளிப் போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தக் குழாய் கசியும் வகையாக இருந்தால் இன்றைக்கே ஊசி மருந்து இருக்கிறது; சீக்கிரம் போனால்தான் கேட்கும்.