கித்தாரும் கோட்டுவாத்தியமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

இசையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் திகைத்தேன். நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இரயில்வே அலுவலகத்தில் பார்சல் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இசை இலக்கணத்தை முறையாகக் கற்றவன் அல்லேன். ஆயினும் என் மனத்தை ஓராண்டுக் காலமாக வருத்திவரும் செய்தி ஒன்று உண்டு. அதனை உங்கள் முன் வைப்பதற்கு இதனினும் நல்ல இடம் வேறில்லை என்று துணிந்து நிற்கிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் லாலாகுடாவில் உள்ள ஒரு பெரியவரைக் காணச் சென்றிருந்தேன். அவர் ஓய்வு பெற்ற கார்டு, ஆங்கிலோ-இந்தியர். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவராகையால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் வீட்டு வாயிலை நெருங்கும்போது உள்ளிருந்து ஓர் ஓசை வந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு நூல் இழுத்தாற்போல் நழுவிச் செல்லும் ஓசை. என் கால்கள் நின்றுவிட்டன. "கோட்டுவாத்தியம் யார் வாசிக்கிறார்கள்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அவர் சிரித்துவிட்டுத் தம் கைப்பேசியைக் காட்டினார். அதில் ஓர் அமெரிக்கர் மேசை போன்ற ஒரு கருவியின் முன் அமர்ந்து, கையாலும் காலாலும் முழங்காலாலும் வாசித்துக்கொண்டிருந்தார். "தம்பி, இதற்குப் பெயர் பெடல் ஸ்டீல் கித்தார்" என்றார் பெரியவர்.

அக்கருவியின் வரலாறு சுவையானது. நம் இரயில்வேக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஹவாய்த் தீவில் ஜோசப் கெகூக்கு என்னும் பள்ளிச் சிறுவன், 1885-ஆம் ஆண்டளவில், கித்தாரை மீட்டிக்கொண்டு இருப்புப்பாதை ஓரமாக நடந்து சென்றானாம். வழியில் கிடந்த இரும்பு மரையாணி ஒன்றை எடுத்துத் தந்திகளின்மேல் உரசினான். தந்தி பாடுவதுபோல் நழுவி ஒலித்தது என்று சொல்லப்படுகிறது. இந்தியாவில் பிறந்து கடல்வழியே ஹவாய் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் இம்முறையில் முன்னரே வாசித்தார் என்று கூறுவோரும் உளர். எவ்வாறாயினும் கித்தாரைப் படுக்கவைத்து, எஃகுத் துண்டால் தந்தியைத் தொட்டு வாசிக்கும் வழக்கம் ஹவாயில் பரவியது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் அந்த இசைக்கு மயங்கிற்று. 1930-களின் தொடக்கத்தில் அக்கருவிக்கு மின்விசை வந்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. எஃகுத் துண்டு நேராக இருப்பதால், எல்லாத் தந்திகளும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். ஒன்று நிற்க மற்றொன்று நகர்வது அரிது. அதற்குக் கண்ட வழிதான் மிதிகட்டை. நம்மில் பழைய சிக்னல் கேபினைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கேபினில் நெம்புகோலை இழுத்தால், கம்பி வழியாகவும் தண்டு வழியாகவும் அந்த இழுப்பு ஓடி, மூலையில் உள்ள கிராங்கில் திரும்பி, தொலைவில் உள்ள கைகாட்டியை இறக்கும். அதே முறைதான் இதுவும். காலால் மிதித்தால், கருவியின் அடியில் உள்ள தண்டும் கிராங்கும் அசைந்து, குறிப்பிட்ட தந்தியை மட்டும் இறுக்கும். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் உண்டு. நம் பாலாநகர்ப் பட்டறைகளில் கடைசல் வேலை செய்யும் நண்பர்கள் அக்கருவியின் அடிப்பக்கத்தைக் கண்டால், இது இசைக்கருவியா இயந்திரமா என்று கேட்பார்கள்.

நம் முறையில் சொன்னால், அவர்கள் பெரிதும் கையாளும் சுருதிக் கூட்டில் ஒரு மிதி பஞ்சமத்தைத் தைவதமாக உயர்த்தும். மற்றொரு மிதி அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்தியமமாக உயர்த்தும். ஷட்ஜமோ அசையாது நிற்கும். வீட்டில் தாய் ஒரே இடத்தில் நிற்க, பிள்ளைகள் மட்டும் புறப்பட்டுப் போவது போன்றது அந்த ஒலி. அதனால்தானோ என்னவோ, கேட்பவர் நெஞ்சு கலங்குகிறது. 1954-இல் வெப் பியர்ஸ் என்னும் பாடகரின் இசைத்தட்டு ஒன்றில் பட் ஐசக்ஸ் என்பவர் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி வாசித்தார். அந்த ஒலியைக் கேட்ட ஸ்டீல் கித்தார்க்காரர் பலர், தம் பழைய கருவிகளுக்கும் மிதிகட்டை பொருத்த முற்பட்டனர்.

அவ்வாத்தியக்காரர்களுக்கும் அவர்கள் கருவிகளுக்கும் உள்ள உறவே என்னைப் பெரிதும் கவர்ந்தது. பட்டி எம்மன்ஸ் என்னும் பெருங்கலைஞர் வாசிப்பதோடு நிற்கவில்லை; ஷாட் ஜாக்சன் என்பவரோடு சேர்ந்து 1957-இல் ஷோ-பட் என்ற பெயரில் கருவி செய்யத் தொடங்கினார். பின்னர் 1963-இல் தம் பெயரிலேயே வேறொரு தொழிலகம் கண்டார். 2015-இல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பழைய கருவிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். மிதிகளை இடமிருந்து வலமாக அவர் அமைத்த வரிசை ஒன்று. ஜிம்மி டே என்பவர் அமைத்த வரிசை அதற்கு நேர் எதிரானது. ஒவ்வொருவரும் தம் காலுக்கும் காதுக்கும் ஏற்பத் தம் கருவியை அமைத்துக்கொள்வதால், ஒருவர் கருவியில் மற்றொருவர் உடனே அமர்ந்து வாசித்துவிட முடியாது. அங்கும் இக்கலைஞர்கள் பெருங்கூட்டமல்லர். கருவியோ எடை மிக்கது, விலை உயர்ந்தது. ஆயினும் அவர்கள் தம் கருவியைப் பிரித்துத் துடைக்கிறார்கள், திருத்துகிறார்கள், அதைப்பற்றி ஓயாது பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிக்கிறார்கள்.

ஹவாய்க் கித்தார் நம் நாட்டுக்கும் வந்தது. 1940-களில் டாவ் மோ என்னும் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், பிறருக்குக் கற்பித்தார். அவரிடம் பயின்ற கார்னி நிஸ் புகழ் பெற்றார். ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா கித்தாரில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்தார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் இணைந்து அளித்த இசைத்தட்டு 1967-இல் வெளிவந்து நாடெங்கும் பரவியது. விசுவமோகன் பட் கித்தாரில் மேலும் பல தந்திகளைப் பூட்டி மோகன வீணை என்று பெயரிட்டார். 1994-இல் ரை கூடர் என்னும் அமெரிக்கருடன் கிராமி விருது பெற்றார். தஞ்சையில் பிறந்து காசியில் வளர்ந்த கமலா சங்கர் அம்மையாரும் இத்துறையில் சிறந்து விளங்குகிறார். ஊர் விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவர் இவ்வாறு உயர்ந்தது நமக்கெல்லாம் பெருமையன்றோ!

இவ்வளவும் சொன்ன அந்தப் பெரியவர், கட்டிலின் அடியிலிருந்து தம் ஹவாய்க் கித்தாரை எடுத்தார். அறுபது ஆண்டுப் பழமை. மெருகு போய்விட்டது, ஆனால் தந்திகள் புதியவை. "தினமும் அரைமணி நேரம் வாசிக்கிறேன். வாசிக்கத்தானே வைத்திருக்கிறேன்?" என்றவர், "தம்பி, உள்ளே வரும்போது கோட்டுவாத்தியம் என்றீர்களே, உங்கள் வீட்டில் அது உண்டா?" என்று கேட்டார். "உண்டு" என்றேன். "யார் வாசிக்கிறார்கள்?" என்றார். என்னால் விடை கூற இயலவில்லை.

அன்பர்களே! கோட்டுவாத்தியம் என்பது யாது? இங்குள்ள பிள்ளைகள் பலர் அதனைக் கண்டிருக்கமாட்டார்கள். தோற்றத்தில் வீணையே, ஆனால் மெட்டுகள் இல்லை. பலாமரத்தால் ஆன குடம், நீண்ட தண்டி, பிரடைகள், குதிரை எல்லாம் உண்டு. இருபது அல்லது இருபத்தொரு தந்திகள்; மேலே வாசிப்பதற்குரியவை, பக்கத்தில் சுருதிக்குரியவை, அடியில் தாமே அதிர்ந்து துணை ஒலிப்பவை. இடக்கையில் கருங்காலிக் கட்டையையோ கொம்பினால் ஆன உருளையையோ பிடித்துத் தந்திமேல் நழுவவிட வேண்டும். கோடு என்றால் கொம்பு. அதனால் வந்த பெயர் என்பர். பரதரின் நாட்டிய சாத்திரத்தில் வரும் ஏழு தந்திச் சித்திர வீணையின் பெயரே இன்று இதற்கு வழங்குகிறது. வடநாட்டில் இதன் உடன்பிறப்பு விசித்திர வீணை.

மெட்டு இல்லையாதலால் சுரத்தானத்தைக் காட்டித்தர ஒன்றும் இல்லை, காதே வழிகாட்டி. மயிரிழை தவறினாலும் அபசுரம். ஆனால் கைவந்துவிட்டாலோ, மனிதக் குரலுக்கு அதனினும் நெருங்கிய தந்திக் கருவி இல்லை எனலாம். திருவிடைமருதூர் சகாராம ராவ் இக்கருவிக்குப் புத்துயிர் அளித்தார். வாய்ப்பாட்டில் சிகரம் தொட்ட செம்மங்குடி சீனிவாச ஐயரே இளமையில் அவரிடம் பயின்றவர் என்றால், இதன் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமோ! அவர் மாணவர் நாராயண ஐயங்கார் மைசூர் அரசவையில் விளங்கி 1959-இல் மறைந்தார். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்திரத்தில் பணியாற்றினார். நாராயண ஐயங்காரின் பேரர் ரவிகிரண் இக்கருவியை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். 1995-இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பில் அவருடைய சித்திர வீணையும், விசுவமோகன் பட்டின் கருவியும், தாஜ் மஹால் என்ற பெயர் கொண்ட அமெரிக்கப் பாடகரின் குரலும் ஒன்றாக ஒலிக்கின்றன. பிரிந்த உறவினர் ஒரு பந்தியில் அமர்ந்தாற்போன்ற காட்சி அது!

இத்துணைப் பெருமை இருந்தும், கோட்டுவாத்தியம் வாசிப்போர் இன்று மிகச் சிலரே. இதற்கு யாரைக் குறை சொல்வது? பிறரைச் சொல்லமாட்டேன், என்னையே சொல்கிறேன்.

கும்பகோணத்துக்கு அருகில் என் தாயாரின் சிற்றப்பா கோட்டுவாத்தியம் வாசித்தவர். மேடைக் கச்சேரி செய்தவர் அல்லர். மாலையில் திண்ணையில் அமர்ந்து தமக்காக வாசிப்பார். சிறுவனாக நான் தூணில் சாய்ந்தபடி கேட்டிருக்கிறேன். அவர் மறைந்து வீட்டை விற்றபோது பித்தளைப் பாத்திரங்களுக்குப் பலர் வந்தனர்; வாத்தியத்துக்கு ஒருவரும் வரவில்லை. பெருமையாக நான் வாங்கிக்கொண்டேன். பாலாநகருக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றினேன். பதினோரு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. வருவோரிடமெல்லாம் "எங்கள் குடும்ப வாத்தியம்" என்று மட்டும் சொல்லி வந்தேன்.

லாலாகுடாவிலிருந்து திரும்பிய இரவே அதனை இறக்கினேன். உறையை நீக்கியதும் என் மனைவி "ஐயோ!" என்றாள். காவிரிக் கரையின் ஈரக்காற்றில் இருந்த மரம் இந்நாட்டு வறண்ட கோடையில் வெடித்து, குடத்தில் விரல் நுழையும் பிளவு. தண்டியும் சற்று வளைந்திருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு தஞ்சைக்குத் தூக்கிச் சென்றேன். வீணை செய்யும் முதியவர் ஒருவர் அதனைத் தடவிப் பார்த்துவிட்டு, "தந்தியை இறுக்கியபடியே விட்டுவிட்டீர்களே! வாரம் ஒருமுறை யாராவது தொட்டிருந்தால் தெரிந்திருக்குமே!" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனை ஆயிற்று. நான்கு மாதத்தில் அவர் அதனைச் செப்பனிட்டுக் கொடுத்தார். பிளவு மூடியது, அதன் தழும்பு மட்டும் இருக்கிறது.

நான் கற்ற பாடம் இதுதான்: இசைக்கருவியை விலை கொடுத்தோ வழிவழியாகவோ பெற்றவர் அதற்கு உடையவர் ஆகார், வாசிப்பவரே உடையவர். நான் உடையவன் அல்லேன். பதினோரு ஆண்டுகள் அதைச் சிறைவைத்தவன்.

ஆகவே, இதோ மேடையில் நீங்கள் காணும் இக்கோட்டுவாத்தியத்தை இன்று நம் சங்கத்திடம் ஒப்படைக்கிறேன். மூன்று வேண்டுகோள் மட்டும். முதலாவது, இதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலை போட வேண்டா. இரண்டாவது, கற்க விரும்பும் பிள்ளை யாராயினும் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும்; மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, தந்தி மாற்றும் செலவு என்னுடையது; அதை மறுக்கக் கூடாது. ஆசிரியர் இல்லையே என்று கவலை வேண்டா. ஐதராபாத், செகந்திராபாத் இரு நகரங்களிலும் வீணை கற்பிப்போர் உளர். தொடக்கம் அவர்களிடம் அமையும். மேற்கொண்டு தொலைவில் உள்ள ஆசிரியரைக் கைப்பேசித் திரையில் கண்டு கற்கும் வசதியும் இன்று இருக்கிறது.

மற்றொன்றும் சொல்வேன். நம் தெலுங்கு அண்டைவீட்டாரின் பிள்ளைகளும் வரட்டும். என் தாத்தா காவிரிக் கரைத் திண்ணையில் வாசித்தவை பெரும்பாலும் தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளே. அவர்கள் மொழி நம் ஊரில் பாடிற்று. நம் ஊர் வாத்தியம் அவர்கள் ஊரில் பாடட்டும்.

லாலாகுடாப் பெரியவர் நம் அழைப்பை ஏற்று முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம் கித்தாரையும் கொண்டுவந்திருக்கிறார். அடுத்து அவர் வாசிப்பார். கேட்டு மகிழுங்கள். அவர் வாசித்து முடித்ததும், கோட்டுவாத்தியத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் தயங்காமல் மேடைக்கு வாருங்கள். கட்டை அதன் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் ஓசை கீச்சென்றுதான் வரும். அதற்கு அஞ்ச வேண்டா.