பத்திரத்தில் ஒரு வரி

வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதப் போகிற பெரியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பத்திரத்தில் வழக்கமாக என்ன எழுதுகிறார்கள்? 'அன்பின் காரணமாக'. அன்பு சரி. மாதாமாதம் மாத்திரைச் செலவும், ராத்திரித் துணைக்கு வருகிற ஆயாம்மாவின் சம்பளமும் யார் கணக்கு?

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 'எழுதிக் கொடுப்பவரின் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்து கைமாறி, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரமே செல்லாது என்று அறிவிக்க முடியும். தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். நிபந்தனை இல்லாவிட்டால் சிக்கல்தான். 2022-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறது.

"பெத்த பிள்ளைகிட்ட போய் நிபந்தனையா?" என்று கூச்சப்படுவார்கள். சம்பந்தி வீட்டில் சீர் பேசும்போது வராத கூச்சம்!

அவ்வளவு சங்கடமாக இருந்தால், வீட்டைத் தன் பேரிலேயே வைத்துக்கொண்டு உயில் எழுதலாம். உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். மாடி வாடகையும் உங்கள் கைக்கே வரும். செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்துவிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரத்தை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.