ரில்கேயின் பள்ளத்தாக்கும் மண் சுமந்தவர்களும்

வெவ்வேறு நாடுகளிலிருந்து இணைந்திருக்கிறீர்கள், சிலருக்கு இது நள்ளிரவு. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ரில்கே என்றதும் டுயினோ என்ற பெயர் நினைவுக்கு வரும். கடலோரக் கோட்டை அது. ஆனால் 1912இல் அங்கே தொடங்கிய இரங்கற்பாக்களை அவர் முடித்தது 1922 பெப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், சியேர் நகருக்கு மேலே உள்ள மியூஸொத் என்ற பழைய கல்வீட்டில். அந்த வீட்டைச் சுற்றி என்ன இருந்தது என்று நாம் கேட்பதில்லை. திராட்சைத் தோட்டங்கள் இருந்தன.

ரோன் நதி பனியாற்றிலிருந்து இறங்கி லெமான் ஏரிக்குப் போகும் வழி இது. இரு பக்கமும் 4000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். மழை மேகங்களை அவை தடுத்துவிடுவதால் சியோன் நகரில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். அல்ப்ஸ் என்றாலே ஈரமும் பச்சையும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ரோனின் வடகரைச் சரிவுகள் தெற்கு வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கொடிகள் பெரும்பாலும் அங்கேதான். விஸ்பர்டெர்மினனில் 1100 மீட்டர் உயரம் வரை ஏறிப்போகின்றன. சுவிட்சர்லாந்தின் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. உலகக் கணக்கில் இது ஒரு துளி.

இந்தத் தோட்டங்கள் தாமாக நிற்பவை அல்ல. சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள்தான் படிகளைத் தாங்குகின்றன. மழையில் கீழே சரிந்த மண்ணை ஆண்களும் பெண்களும் முதுகுக் கூடையில் சுமந்து மறுபடி மேலே கொட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அதே மண்.

ரில்கே இந்த ஊரைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு கவிதை வரிசை எழுதினார். கோபுரங்களும் மணியோசையும் கொடிகளும் அதில் வருகின்றன. அழகான கவிதைகள். ஆனால் என் வாசிப்பில் அவருக்கு உழைப்பு என்பது முடிந்துபோன ஒன்று, ஓவியத்தின் ஒரு நிறம். விருந்தினரின் பார்வை அது. புலம்பெயர்ந்த நாமும் புதிய நிலங்களைப் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறோம்.

மொரிஸ் ஷப்பா வேறு மாதிரி. 1916இல் பிறந்த இந்தக் கவிஞர் தோட்டம் பார்த்துக்கொண்டவர். 285 மீட்டர் உயரமான கிராண்ட் டிக்ஸான்ஸ் அணைக்கட்டு வேலையில் நில அளவையாளருக்கு உதவியாளராகவும் இருந்தார். அந்த அணையைப் பாடியவரும் அவரே, மலையைச் சுற்றுலாவுக்கு விற்பவர்களைப் பின்னாளில் கடுமையாகச் சாடியவரும் அவரே. இந்த முரண்பாட்டை அவர் மறைக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவர் நெருக்கம்.

கடைசியாகத் தண்ணீர். பனியாற்று நீரைச் சரிவுகளுக்குக் கொண்டுவரும் வாய்க்கால்களைப் பிரெஞ்சில் பிஸ் என்பார்கள், ஜெர்மனில் சுவோனன். சில இடங்களில் செங்குத்துப் பாறையில் தொங்கும் மரத்தொட்டியில் நீர் ஓடும். யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதை மரத்துண்டில் வெட்டிக் குறித்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் திருப்பிய ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாய்க்காலில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். நீர் ஓடும்வரை அது சுழன்று ஒரு மரச்சுத்தியலைத் தட்டிக்கொண்டே இருக்கும். காவலாளிக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், கவலை இல்லை. சத்தம் நின்றால் எங்கோ உடைப்பு. இரவானாலும் பாறை ஓரமாக நடந்துபோய் அதை அடைக்க வேண்டும்.

கேள்விகளுக்குப் போகலாம்.